படம் பிடித்த ஊருக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாக் தாத்தி இயக்கி நடித்த ‘ஜூர் த ஃபெத்’ என்னும் பழைய பிரெஞ்சுப் படத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், அதில் வரும் கிராமம் ஸ்டூடியோவில் போட்ட செட் என்று குறிப்பிட்டிருந்தது சரியன்று. திருவிழா நாளில் ஊரையே கலக்கும் தபால்காரரின் அந்தக் கதை, பிரான்சின் நடுப்பகுதியில் ஆந்த்ர் மாவட்டத்தைச் சேர்ந்த சேன்த் செவேர் என்னும் ஊரில் 1947இல் படமாக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவ்வூர்ப் பக்கம் ஒதுங்கியிருந்த தாத்தி, அந்த மக்களோடு பழகிய பழக்கத்தால் அங்கேயே திரும்பி வந்தார். திடலில் கொடிக்கம்பம் நடும் காட்சியில் கூடி நிற்பவர்களிலும் ஊர்க்காரர்கள் உண்டு.

வண்ணப்படமாகவே எடுக்க எண்ணிய அவர், ராட்டினக் குதிரைகள் வந்து இறங்கும்வரை ஊரில் நிறமே தெரியக்கூடாது என்று வீட்டுக் கதவுகள் பலவற்றுக்குக் கரும்சாம்பல் வண்ணம் அடிக்கவைத்தார். ஊராருக்கும் கறுப்பு உடையே கொடுத்தார். ஆனால் தாம்சன் கலர் என்னும் அன்றைய புது வண்ண முறையில் எடுத்த அந்தச் சுருளிலிருந்து பிரதி போட முடியாமற்போனதால், எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே ஓடவிட்டிருந்த மற்றொரு கேமராவின் கறுப்பு வெள்ளைப் படம்தான் 1949இல் திரைக்கு வந்தது. வண்ணப் பிரதியை அவர் மகள் மீட்டு வெளியிட்டது 1995இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே தாத்தி காலமாகிவிட்டார்.

கதவுக்கு வண்ணம் அடித்த கதை எங்களுக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன், கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எங்கள் தெருவுக்கு வந்த படக்குழு ஒன்று, என் அக்காள் வீட்டுப் பலா மரக் கதவுக்குப் பளீரென்று நீலம் அடித்து, எதிரிலிருந்த ரேஷன் கடையின் மலையாளப் பலகை மீது மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதி மாட்டியது. மூன்றே நாளில் வேலையை முடித்துப் போனவர்கள் பலகையைக் கழற்றவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று மறுபடி ஏறப்போனதை நானே கண்டேன். படம் வெளிவந்தபோது பனைமரங்களும் அக்காளின் திண்ணையும் திரையில் இருந்தன. நன்றி கூறும் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் வாழும் எங்களைத் திரையில் மட்டும் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்த்துவிடுகிறார்கள்.

சேன்த் செவேரில் அந்தப் படத்துக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. பழைய சந்தைக் கூடமும் நிற்கிறது. அவ்வளவு பெரிதாக நாங்கள் கேட்கவில்லை. படப்பிடிப்புக்கு அனுமதி தரும் ஊராட்சிகள், படத்தில் ஊர்ப்பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதை மீண்டும் பழையபடி ஆக்கித்தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை அனுமதிக் கடிதத்திலேயே எழுதினால் போதும். கட்டுரைக்கான திருத்தத்தையும் தாங்கள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்