மாப்ள, கொஞ்ச நேரம் சும்மா நில்லு

ஒத்தக்கடை, மதுரை

அன்பு மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வளைகாப்பு, அது முடிந்த கையோடு இன்டர்னல் மார்க் ஏற்றும் வேலை என்று பதில் தள்ளிப்போனது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் மானத்தை வாங்குகிறது.

பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இந்த வயதில் தேனியில் பி.காம். பிள்ளைகளுக்குக் காஸ்டிங், அதான் செலவுக் கணக்குப் பாடம், எடுக்கப் போகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். என் நோட்டை வாங்கிப் படித்து 41 மார்க்கில் கரையேறியவன் நீ! "எப்படிடா நடத்துறது?" என்று கேட்டிருக்கிறாய். நானே அதைப் பாதி சர்வீஸ் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முதல் பத்துப் பதினைந்து வருஷம் எனக்கு நோட்ஸ்தான் கதி. போர்டு நிறைய எழுதுவேன், அவர்கள் நோட்டு நிறைய எழுதுவார்கள். ரிசல்ட்டும் நன்றாகவே வந்தது. ஒரு நாள், கணக்கில் 90க்குக் கீழே வாங்காத ஒரு பெண்ணிடம் வாடகை ஏன் நிலைச்செலவு (விற்பனை கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு) என்று கேட்டேன். "புக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றாள். தப்பு அவள்மேல் இல்லை, நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அடுத்த வருஷம் பிரேக் ஈவன் பாடத்துக்கு, அதாவது எவ்வளவு விற்றால் லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் என்ற கணக்குக்கு, புத்தகத்தைத் திறக்கவில்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, காலேஜ் வாசல் டீக்கடைக்கு அனுப்பினேன். கடைக்கார அண்ணனிடம் முன்னாடியே அனுமதி வாங்கிவிட்டேன், கூட்டம் ஏறுகிற நேரத்தில் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. திரும்பி வந்து போர்டில் எழுதினார்கள். டீ 12 ரூபாய். பால், தூள், சீனி, கேஸ், கப் எல்லாம் சேர்த்து 7. ஒரு டீக்கு நிற்பது 5 ரூபாய். ஒரு நாள் வாடகைக் கணக்கு 400, கூட நிற்கிற பையனுக்கு 600. ஆக 1000 ரூபாயை ஐந்தால் வகுத்தால் 200 டீ. அவர் விற்பது ஏறக்குறைய 300. "சார், அண்ணனுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் லாபம்!"

மறுநாள் வகுப்புக்கு டீ கொடுக்க அண்ணனே வந்தார். போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "எல்லாம் சரி தம்பி, காலையில நாலு மணியிலருந்து நிக்கிறேனே, என் கூலி எங்க?" என்று கேட்டார். வகுப்பு கப்சிப். ஒரு பையன் எழுந்து போய், வேறு கடையில் மாஸ்டராக நின்றால் 800 கிடைக்கும் என்று அவரிடமே கேட்டுச் சேர்த்தான். இப்போது 1800ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், 360 டீ. 300 விற்கிறவர் அந்தக் கணக்குப்படி ஒரு நாளைக்கு 300 ரூபாய் கையைக் கடித்துக்கொள்கிறார். உடைமையாளர் கூலியைக் காஸ்டிங்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் வருஷா வருஷம் டிக்டேட் செய்த பத்தியை, அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டுப் படித்தார்கள். நான் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருப்பதுதான் மாப்ள ரொம்பக் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் பள்ளி வகுப்புகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்களாம். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். ஆரம்பத்தில் அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் வேர்த்துவிடும்.

ஹார்வர்டில் பிசிக்ஸ் எடுக்கிற எரிக் மாசூர் 1991இல் ஆரம்பித்த ஒரு வழி நம் பாடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு கேள்வி போடு, தேய்மானம் (இயந்திரம் மாதிரி சொத்துகள் பழசாகி மதிப்புக் குறைவதைச் செலவாக எழுதுவது) பற்றி என்று வை. "கம்பெனி 1 லட்சம் தேய்மானம் எழுதியிருக்கிறது. வரியை விட்டுவிடு. கையிலுள்ள ரொக்கம் கூடியதா, குறைந்ததா, மாறவில்லையா?" யோசித்துவிட்டு, எத்தனையாவது பதிலோ அத்தனை விரலைக் காட்டச் சொல். பதில்கள் பிரிந்து கிடந்தால் சரியானதைச் சொல்லாதே. "பக்கத்தில் மாறிச் சொன்னவனோடு பேசு" என்று இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு, மறுபடி விரல் காட்டச் சொல். நேற்றுத்தான் புரிந்துகொண்ட பையன், புரியாதவன் எங்கே முட்டிக்கொள்கிறான் என்று நம்மைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறான். முதல் ரவுண்டிலேயே எல்லாரும் சரியாகக் காட்டினால் கேள்வி சப்பை, தாண்டிப் போய்விடு. ஒருத்தருமே சரியாகக் காட்டவில்லை என்றால் பேச விட்டும் பிரயோஜனமில்லை, நீ தான் விளக்க வேண்டும்.

இதற்கு எனக்குக் கிடைத்த பரிசையும் கேள். அந்த வருஷம் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடும் படிவத்தில் ஏழெட்டுப் பேர் "சார் பாடமே நடத்துவதில்லை" என்று எழுதிவிட்டார்கள். மேலிடத்தில் கூப்பிட்டு, நோட்ஸ் கொடுங்கள் என்று அறிவுரை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு 2019இல் ஹார்வர்டில் செய்த ஒரு ஆய்வைப் படித்து ஆறுதலடைந்தேன். தாங்களே செய்து படித்த மாணவர்கள் டெஸ்டில் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்திருக்கிறார்கள். சரளமான லெக்சர் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்தது போல ஒரு மயக்கம். இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "இந்த வகுப்பில் தலை சூடாகும், குழப்பமாக இருக்கும், அது வேண்டுமென்றே செய்வதுதான்." புகார் பாதியாகக் குறைந்தது.

கேஸ் ஸ்டடிக்கு எங்கும் அலைய வேண்டாம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993இல் கேஸாக எழுதி வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறார்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் காசு வாங்காமலும், ரொம்பக் குறைவாக வாங்கியும் ஒரு ஆஸ்பத்திரி எப்படி நிற்கிறது என்று கேட்டேன். ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது கூட இருந்த ஒரு பையன், டாக்டர் ஒரு மேஜையில் முடித்துவிட்டு நேராக அடுத்த மேஜைக்குத் திரும்பும் விதத்தைச் சொன்னான். நிலைச்செலவு எத்தனை பேர்மேல் பரவுகிறது என்பதை அங்கிருந்து அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

உனக்கு அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. எத்தனை லோன் விண்ணப்பம் பார்த்திருப்பாய்! போடி ஏலக்காய் வியாபாரி, கம்பம் திராட்சைத் தோட்டம் என்று பேர் ஊரெல்லாம் மாற்றி, நாலு விண்ணப்பம் நீயே எழுது. பிள்ளைகளைக் கிளை மேலாளராக்கி, கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வை. ரொக்கமாக வெளியே போகாத தேய்மானத்தை, பேங்க்காரர்கள் நீங்கள் லாபத்தோடு திரும்பக் கூட்டுவது ஏன் என்று அப்போது தானாகவே கேட்பார்கள்.

குழு வேலையில் மட்டும் உஷார். இரண்டு பேர் செய்வான், ஐந்து பேர் பேர் போடுவான். அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் மேனேஜ்மென்ட் எடுத்த மைக்கேல்சன், முதலில் தனித்தனியாக டெஸ்ட், அதே டெஸ்ட்டைப் பிறகு குழுவாக என்று வைத்தார். படிக்காமல் வந்தவன் தன் குழுவிடமே மாட்டிக்கொள்வான்.

பேச்சு தமிழில் இருக்கட்டும், விடையை இங்கிலீஷில் எழுதட்டும். இங்கிலீஷில் விவாதிக்கச் சொன்னால் நாலு கான்வென்ட் பிள்ளைகள் மட்டும்தான் பேசும். கம்பெனி சட்டத்தை நான் இன்றைக்கும் பழைய மாதிரி சொல்லித்தான் கொடுக்கிறேன், அதற்கு வெட்கப்படுவதும் இல்லை.

உனக்கு எத்தனை பேர் வகுப்பு, பெஞ்சை நகர்த்த முடியுமா, தரையோடு ஆணி அடித்ததா என்று எழுது. டீக்கடைக் கணக்கு நோட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், போட்டோ பிடித்து அனுப்புகிறேன். அண்ணன் இப்போது டீயை 15 ஆக்கிவிட்டார், அதனால் நீ மறுபடி வகுத்துப் பார்த்துக்கொள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்