ஆபரேஷன் இல்லாமல் கட்டியைச் சுருக்கும் டாக்டர்களுக்கு

வடசென்னையில் கர்ப்பப்பைக் கட்டிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு வயது 54. தீட்டு நின்று மூன்று வருஷம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டது. வெட்கத்தில் இரண்டு மாதம் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட். "வெறும் நார்க்கட்டிதாம்மா, ரத்தக்குழாயை அடைச்சா சுருங்கிடும், கத்தியே வேணாம்." அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஆனால் தீட்டு நின்றவருக்கு ஏன் ரத்தம் பட்டது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. ஹார்மோனால் வளர்கிற நார்க்கட்டி அந்த வயதில் பொதுவாகச் சுருங்கும், அதனால் ரத்தம் பட்டால் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று இருக்கிறதா என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? வேறொரு இடத்தில் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி, எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். நல்லவேளை, புற்று இல்லை. அதனால்தான் இதைத் திட்டாமல் எழுதுகிறேன்.

ஆபரேஷன் செய்தால் வெட்டியெடுத்த சதை லேபுக்குப் போகும், உள்ளே சர்கோமா, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வரும் அபூர்வமான புற்று, ஒளிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். நீங்கள் ரத்தக்குழாயை அடைத்தாலும் சரி, ஒலி அலையால் சுட்டாலும் சரி, கட்டி உள்ளேயே கிடக்கிறது, லேபுக்குப் போக ஒன்றுமே இல்லை. நார்க்கட்டி என்று நம்பி ஆபரேஷனுக்குப் போகும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு மறைந்த சர்கோமா இருக்கலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னது. அது அதிகப்படியான கணக்கு என்று மறுத்தவர்களும் உண்டு. சரி, அபூர்வம்தான். ஆனால் வயது 50 தாண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது, மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிட்டவர்கள், இடுப்பில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் விஷயத்திலும் அப்படியே. இதைக் கேட்க இரண்டு நிமிஷம் போதாதா?

பயாப்ஸி மட்டும் போதாது என்பது எனக்கும் புரிகிறது, தசைக்குள் இருக்கும் சர்கோமா அதில் சிக்காமல் போகலாம். படம் தெளிவாகத் தெரிய மருந்து செலுத்தி, சதைக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படமும் சேர்த்து எடுக்கும் எம்ஆர்ஐயில் ஓரம் கலைந்திருப்பதும் உள்ளே ரத்தம் கசிந்திருப்பதும் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனாலும் நூற்றுக்கு நூறு இல்லை. அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வோம். அதற்காகக் கட்டி வேகமாக வளர்கிறது என்றதும் இளவயதுப் பெண்ணைப் புற்று என்று மிரட்டவும் வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஸ்கேனுக்குக் கூப்பிடுங்கள். சுருங்க வேண்டியது சுருங்காமலோ திரும்ப வளர்ந்தோ இருந்தால், இன்னொரு தடவை அடைப்பதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் அந்தச் சம்மதப் படிவம். 'இந்தச் சிகிச்சையில் சதை எதுவும் பரிசோதனைக்குப் போகாது' என்று அதில் ஒரு வரி சேருங்கள், தமிழில். அத்தையிடம் கையெழுத்துக்கு நீட்டிய நாலு பக்கமும் இங்கிலீஷில் இருந்தது.