சின்னவளுக்குப் பதில் போடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். ஆடிக் காற்று விடாமல் அடிக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாய்கிறதாம், நோர்வூட் போய் வந்தவர்கள் சொன்னார்கள். பெரியத்தை வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோய்க் கீழ் லயத்து வாசலில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். வேறு விசேஷம் இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? சரி, அதை விடு. கீழ் லயத்துத் தம்பி ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். விஷயம் உன் தங்கச்சி சின்னவளின் விளையாட்டைப் பற்றியது, பாட்டுக்கு ஏற்பத் திரையில் வருகிற வட்டங்களைத் தட்டுகிற அந்த ஓசு (osu!) விளையாட்டு. வேறொன்றும் இல்லை.

வைகாசியில் அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். வட்டம் எவ்வளவு வேகமாக வரும் என்று சொல்கிற அந்த ஏ.ஆர். எண் 8 உள்ள பாட்டெல்லாம் ஆடிவிடுகிறேன், 9 போட்டால் வட்டம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, என்ன செய்ய என்று. நீ பார்த்துவிட்டாய், நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பதில் மட்டும் இல்லை. முன்பெல்லாம் அவள் கேட்டு வாய் மூடுமுன் வொயிஸ் வந்துவிடும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் பேசுவாய், நானும் அடுப்படியில் இருந்தபடி கேட்பேன். பிள்ளை கொஞ்ச நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். நீ சொல்லாததால் நாங்களே ஒரு வழி தேடினோம். சரியா பிழையா என்று பார்த்துச் சொல்.

உன் பழைய லெப்டொப் இப்போது தையல் மெஷின் மேல் இருக்கிறது. தேயிலை மலையிலிருந்து வந்து மேல் கழுவிவிட்டு நான் அதற்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். வளையம் சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும்போது தட்ட வேண்டும் என்று நீ முன்பு காட்டித் தந்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் திரையைப் பார்க்காமல் இவள் கண்ணைப் பார்த்தேன். தட்டுகிற வட்டத்திலேயே கண் குத்தி நிற்கிறது. அது மறைந்த பிறகும் அங்கேயே நிற்கிறது. சரியான நேரத்தில் தட்டியதற்கு 300 விழுந்ததா, நேரம் கொஞ்சம் தப்பி 100 விழுந்ததா என்று பார்க்கிறாள். அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதைப் பிடிக்கக் கையை வீசுகிறாள், கை தாண்டிப் போய்விடுகிறது.

இது எனக்குத் தெரிந்த சங்கதி. புதிதாகப் பேர் பதிந்து வருகிற பிள்ளைகள் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டுதான் கொழுந்து எடுப்பார்கள். ஒன்றை ஒடிப்பார்கள், ஒழுங்காக ஒடித்தோமா என்று பார்ப்பார்கள், பிறகு அடுத்ததைத் தேடுவார்கள். மத்தியான நிறுவையில் அவர்கள் சாக்கைத் தூக்கினால் காற்றுதான் இருக்கும். பழகியவளுக்குக் கண் ஒரு எட்டு முன்னால் போய்விடும். ரெண்டு இலையும் மொட்டும் எங்கே, முற்றியது எங்கே என்று அது பிரித்துப் போட்டுக்கொண்டே போகும், கை பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கிற விரலை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

சின்னவளிடம் அதைத்தான் சொன்னேன். தட்டப்போகிற வட்டத்தை விட்டுவிடு, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது எங்கே என்று பார், கை தானாக வந்து சேரும். முதலில் எல்லாம் தப்பிப்போய் என்னோடு சண்டை பிடித்தாள், உங்களுக்கு என்னம்மா தெரியும் என்றாள். பிறகு வந்துவிட்டது. இப்போது, வளையத்தைப் பார்க்கவே தேவையில்லை, எப்போது தட்டுவது என்று காது சொல்லும், எங்கே என்று மட்டும் கண் பார்த்தால் போதும் என்கிறாள். ஹிடன் என்று ஒன்றைப் போட்டு வளையமே இல்லாமல் ஆடியும் காட்டினாள். பின்னால் தெரிகிற படத்தையும் முழுக்கக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள், அது கண்ணைப் பிடித்து இழுக்கிறதாம். நீயும் அப்படித்தான் வைத்திருக்கிறாயா?

கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அவள் போட்ட கணக்கையும் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. ஏ.ஆர். 8 என்றால் வட்டம் தோன்றியதில் இருந்து தட்டும் வரைக்கும் 750 மில்லிசெக்கன். 9-இல் 600. 10-இல் 450. நிமிடத்துக்கு 180 தட்டு ஓடுகிற பாட்டில் ஒரு தட்டை நாலாகப் பிரித்து வட்டம் வந்தால், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 83 மில்லிசெக்கன்தான். அப்படிப் பார்த்தால் 8-இல் ஒரே நேரத்தில் ஒன்பது வட்டம் திரையில் கிடக்கும். 9-இல் ஏழு. 10-இல் ஐந்தோ ஆறோ. எண் ஏற ஏறக் கூட்டம் குறைகிறது. அப்படியானால் 9 லேசாக அல்லவா இருக்க வேண்டும் அம்மா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அதே யோசனை.

நாங்கள் கண்ட பதில் இது. ஒன்றைக் கண்டு கை அசைய மனிதருக்குக் கால் செக்கன் அளவு பிடிக்கும். 83-க்கு ஒன்று வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்ட யாராலும் முடியாது. 8-இல் நேரம் கொஞ்சம் கூட இருந்ததால் இவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே சமாளித்திருக்கிறாள். 9-இல் அந்தக் கள்ளம் பலிக்கவில்லை. மூன்று ஒட்டி வந்தால் அதை மூன்று என்று எண்ணக்கூடாது, ஒரே துண்டாகப் பார்க்க வேண்டும். வளைந்து ஓடுகிற ஏழெட்டும் ஒரே கோடு. இதை நீயே ஒரு பழைய வொயிஸில் சொல்லியிருக்கிறாய், தேடி எடுத்துக் கேட்டோம். அவள் படுத்த பிறகு நான் இன்னொரு தரம் கேட்டேன். சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறாய்.

அதே வொயிஸில் இன்னொன்றும் சொல்கிறாய். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஆடாதே, கைக்குப் பாடமாகிவிடும், கண் ஒன்றும் கற்காது. தெரியாத பாட்டாக எடு, ஒருமுறை ஆடு, விழுந்தாலும் அடுத்ததுக்குப் போ. அவள் அப்படியேதான் செய்கிறாள். அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை.

ஆனால் அந்த விளையாட்டில் உன் பெயருக்குரிய பக்கத்தைத் திறந்தால் ஒரே பாட்டு. மேலிருந்து கீழ் வரைக்கும் அதே பாட்டு. நேற்றும் அதுதான், போன கிழமையும் அதுதான். தங்கச்சிக்குச் சொன்னது உனக்குப் பொருந்தாதா?

நான் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. சின்னவள் திறந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது நானே திறக்கவும் பழகிவிட்டேன் என்று வை. உன் பெயருக்குப் பக்கத்தில் இலங்கைக் கொடி இருக்கிறது. யாரோ ஆஸ்திரேலியாக்காரர் 2007-இல் வெளியிட்ட விளையாட்டாம், நீ ஆண்டு ஒன்றில் சேர்ந்த வருடம். உலகம் முழுக்க ஆடுகிற அதில் நம் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையின் பெயர் கொடியோடு நிற்கிறது என்று மலையில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்திக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும், எனக்கு விளங்குகிறது. ஆடிய பாட்டுக்குக் கொடுக்கிற தரம் முன்பு எஸ், ஏ என்று நல்லதாகவே இருக்கும். இப்போது சி, டி என்று கிடக்கிறது. ஒரு சின்னப் பாட்டில், நீ தூங்கிக்கொண்டே ஆடியிருக்கக்கூடிய பாட்டில், சி.

நேரமும் அதிலேயே தெரிகிறது. சாமம் மூன்று மணி. பிறகு நாலு மணி. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் ஆடியிருக்கிறாய். கடையில் அந்த நேரம் ஆட்கள் வருவது குறைவோ என்னவோ. நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியத்தைதான் கடை எப்படி, முதலாளி எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

தூங்கு, ராசா. விளையாட்டுக்காகத்தான் சொல்கிறேன். சின்னவளுக்கு இரவில் எத்தனை தரம் ஆடியும் வராத பாட்டு காலையில் எழுந்ததும் முதல் தரத்திலேயே வந்துவிடுகிறது. கற்றது தூக்கத்தில்தான் கையில் படியும். பத்து மணிக்கு மேல் அவளை நான் உட்காரவிடுவதில்லை, ஓ.எல். பரீட்சை வேறு வருகிறது. நீயும் பத்து மணிக்குப் படு. முடியாவிட்டால் பன்னிரண்டு. இருட்டில் உட்கார்ந்து ஆடாதே, லைட்டைப் போட்டுக்கொள். திரையையே பார்த்தால் இமைக்க மறந்துபோகும், கண் காயும், நடுவில் எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார். நீ இருக்கிற அறையில் ஜன்னல் இருக்கிறதா? கண்ணாடி இன்னும் ஏ.எல். படிக்கும்போது வாங்கியதுதானா? மாற்று.

இந்த மாதமும் காசு வந்து சேர்ந்தது. எப்போதும் அனுப்புவதைவிடக் கூட. எதில் மிச்சம் பிடித்தாய்? சாப்பாட்டிலா? காசு பிந்தினாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை. வராவிட்டாலும் ஒன்றுமில்லை, என் கை இன்னும் ஓடுகிறது. கடை மாறுவதென்றாலும் மாறு, உலகத்தில் மாறாதவர்கள் யார். சும்மா சொல்லி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த விளையாட்டில் இருக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் பச்சை தெரியும் என்று சின்னவள் சொன்னதில் இருந்து, படுக்கப்போகுமுன் தினமும் ஒரு தரம் வந்து எட்டிப் பார்க்கிறார். பச்சை இருந்தால், இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். எனக்கு அது அணைந்தால்தான் நிம்மதி.

சரி, கேள்வியை மறுபடி எழுதுகிறேன். டிபிகல்ட்டி அட்ஜஸ்ட் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் ஏ.ஆரை 8.5, 8.7 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழகட்டுமா, அல்லது 9-லேயே விழுந்து எழும்பட்டுமா? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நல்லது என்பது என் எண்ணம். அப்படி ஆடினால் புள்ளி சேராதாம், அதனால் அவளுக்கு மனமில்லை. நீ சொன்னால் கேட்பாள். ஒரு வரி போதும். எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

கடிதம் கொண்டுவருகிற தம்பியை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டு ஒரு சாயத்தண்ணி கொடு. அவன் கையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருக்கிறது, அன்றைக்கே சாப்பிட்டுவிடு.

உறைக்குள் ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன், நீ அனுப்பியதில்தான். தீபாவளிக்கு வந்தபோது வயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வைத்திருந்தாயே, அதில் சத்தம் பிந்தி வரும் என்கிறாள் சின்னவள். பத்தில் ஒரு செக்கனுக்கு மேலும் பிந்துமாம். எவ்வளவு துல்லியமாகத் தட்ட வேண்டும் என்று சொல்கிற ஓ.டி. எண் 8-இல் 300 விழ முன்னும் பின்னும் ஏறக்குறைய 32 மில்லிசெக்கன்தான் இடம் என்றால், காதை நம்பித் தட்டுகிற உனக்கு சி விழாமல் வேறென்ன விழும்? அது அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். வயர் உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள், பெரிய விலை வராது. மிச்சம் ஹட்டன் பஸ்ஸுக்குப் போதும்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா