இடது முன் சக்கரம்

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

போனில் பேசினால் மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். "நல்லா இருக்கேன்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் இருபது நாளாக வரவில்லை. மேல்வீட்டுப் பையன் சனிக்கிழமை பெங்களூர் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் வாசலோடு சரி. எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டு போக முடியவில்லை. கடை ஓடுகிறது. இப்போதெல்லாம் கியர் சைக்கிள்தான் வருகிறது, ஓவராயிலிங் என்று யாரும் வருவதில்லை.

போன வாரம் ஆபீஸ் பிள்ளைகளோடு எடுத்த போட்டோ அனுப்பினாயே, சுடிதார் கலர் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள் அம்மா. நான் பார்த்தது உன் சக்கர நாற்காலி வண்டியை. இடது முன் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். கால்பலகை ஓரத்தில் பெயிண்ட் போய் வெள்ளையாகத் தெரிகிறது. வண்டி மல்லாந்துவிடாமல் தாங்கப் பின்னால் இருக்க வேண்டிய குட்டிச் சக்கரம் இரண்டையும் காணோம். உன் இடது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. நாற்பது வருடம் ரிம் கோட்டம் எடுத்த கண், அது பாட்டுக்குப் பார்க்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

குட்டிச் சக்கரத்தை ஏன் கழற்றினாய் என்று தெரியும். படி வந்தால் அது இடிக்கும், முன்பக்கம் தூக்கி ஏற விடாது. சரிதான். ஆனால் வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரியில் உனக்கு முன் சக்கரத்தைத் தூக்கி நிற்கப் பழக்கியபோது, பின்னால் ஒருத்தர் பட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார், ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் பட்டை யார் கையில் இருக்கிறது? அதிலும் லேப்டாப் பையைப் பின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு திரிகிறாய். ஏற்றத்தில் அந்த எடை வண்டியை அப்படியே மல்லாத்திவிடும். பையை மடியில் வை, இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் கட்டு. ஏறும்போது முன்னால் குனிந்துகொள். இறங்கும்போது முதுகைச் சாய்த்து, தள்ளுவளையத்தை உள்ளங்கைக்குள் நழுவவிட்டு இறங்கு. இறக்கத்தில் பிரேக்கில் கை வைக்காதே. அது நிற்கிற வண்டிக்கு, ஓடுகிற வண்டிக்கு இல்லை. இறக்கம் அதிகமாக இருந்தால் யாரையாவது கூப்பிடு. அவரை முதுகுப்பக்கமாக, பின்னோக்கி இறக்கச் சொல். வண்டியைத் தூக்குகிறேன் என்று கைச்சட்டத்தைப் பிடிப்பார்கள், விடாதே. அது கழன்று கையோடு வரும். வண்டியின் பிரேமைப் பிடிக்கச் சொல்.

உனக்கு இதெல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்த சமயம், தனியாகப் போய்க் கடைசி ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவேன் என்று அடம்பிடித்தாயே, அன்றைக்கு நான் அடுத்த பெட்டியில் ஒளிந்து வந்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய். பார்க்காத மாதிரியே இருந்துவிட்டாய். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை, சக்கரத்தைக் கோணாமல் நேராக நிறுத்தி, ஒரே தள்ளில் தாண்டினாய். எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன் பொண்ணு பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

பெங்களூர் வேலைக்கு நீ போட்ட சண்டையும் மறக்கவில்லை. பாகாயத்தில் கேட்ட மேரி வர்கீஸ் டாக்டர் கதையைத்தானே எடுத்துவிட்டாய்? 1954-ல் விபத்தில் கால் செயலிழந்து, வண்டியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தவர். "அந்தம்மா கத்தி பிடிச்சாங்கப்பா, நான் கம்ப்யூட்டர்தானே தட்டப் போறேன்" என்றாய். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? போ என்றேன். போனதில் பெருமைதான். அதற்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க வேண்டுமா? மேல்வீட்டுப் பையனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியக் கூடாதா? சரி, விடு. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா நல்லா இருக்காங்க அங்கிள்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அம்மா எழுதச் சொன்னது: ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்பக்கம் புண் வருகிறதா என்று பார்க்கிறாயா? சிவந்த இடம் விரலால் அமுக்கினாலும் வெளுக்காமல் இருந்தால், அன்றைக்கு லீவு போட்டுக் குப்புறப் படுத்துக்கொள். அரைமணிக்கு ஒரு தரமாவது கையூன்றி எழும்பு, இல்லாவிட்டால் முன்னால் நன்றாகக் குனிந்து எடையை மாற்று. மீட்டிங் நடந்தால் நடக்கட்டும். டீ கிளாஸை மடியில் இடுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளாதே. போன தடவை தொடை கொப்புளித்ததே உனக்குத் தெரியவில்லை, அம்மாதான் பார்த்தாள். துப்பட்டாவை முடிந்துகொள், ஸ்போக்கில் சுற்றும்.

காற்றைப் பார். வாரம் ஒரு தரம் பார். பின் டயர் இரண்டும் கல் மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு காற்று என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். காற்று இறங்கினால் டயர் சிறுத்துப்போகும், பிரேக் கட்டை அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். லீவர் போட்டிருக்கும், பிரேக் பிடிக்காது. இதைத்தான் எழுத வந்தேன். எங்கெங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன்.

2018-ல் பெரியத்தை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பினோமே, அன்றைக்கு ஆட்டோவுக்கு மாறும்போது நீ விழுந்தாய். வண்டி பின்னால் ஓடிவிட்டது, நீ நடுவில் உட்கார்ந்துவிட்டாய். வலிக்கவில்லை என்று சிரித்தாய். வளைகாப்புக்கும் போய் வந்தோம். மறுநாள் காலையில் தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நடக்காத காலில் எலும்பு மெலிந்துபோகும், சின்ன அடிக்கே உடையும் என்று அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாதம் படுக்கை. பரீட்சை போயிற்று. பிரேக் போட மறந்தாய் என்று அம்மா திட்டினாள், அத்தை திட்டினாள். நீயும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கும் மாறுவதற்கு முன் லீவரை இரண்டு தரம் தட்டிப் பார்க்கிறாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நீ பிரேக் போட்டிருந்தாய், பாப்பா. அன்றைக்கு வண்டியைத் தூக்கினவன் நான். இரண்டு லீவரும் போட்டபடியே இருந்தன. போட்டபடியே சக்கரம் சுற்றியது. ராத்திரி நீங்கள் தூங்கின பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கினேன். விரல் ரிம்மில் போய் முட்டியது. ஊரான் சைக்கிளுக்கெல்லாம் காற்றடிக்கிறவன், ஒரு மாதமாக உன் வண்டியைத் தொடவில்லை. கடையிலிருந்து பம்ப் எடுத்து வந்து, விளக்குப் போடாமல் காற்றடித்து, ஓரமாக நிறுத்திவிட்டுப் படுத்தேன். மறுநாள் அத்தை, "வண்டியில ஏதாவது கோளாறாடா?" என்று கேட்டாள். "வண்டியில ஒண்ணும் இல்லக்கா, பிரேக் போட்டிருக்கணும்" என்றேன். நீ கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். தலையை ஆட்டினாய்.

அந்தத் தலையாட்டல்தான். உன்னிடம் எப்படி விழுந்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கவரை ஒட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். திட்டுவாள், திட்டட்டும்.

பையனிடம் ஒரு கைப்பம்ப்பும் இருபத்து நான்கு இன்ச் டியூப் இரண்டும் கொடுத்திருக்கிறேன். உன் வண்டிக்கு ஸ்கூட்டர் வால்வுதான், சைக்கிள் பம்ப் சேராது. அதனால் வாயை மாற்றிப் போட்டிருக்கிறேன். இடது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கின் அளவையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதை யார் சொன்னாலும் தட்டி நிமிர்த்தாதே. அலுமினியம், ஒரு நாள் பட்டென்று விண்டுவிடும். புதிதாக வாங்கி அனுப்புகிறேன். அளவெடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை கட்டிலில் உட்கார்ந்துகொள். மாறுவதற்கு முன் டயரை ஒரு தரம் அமுக்கிப் பார்.

அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை