பதினான்கு பிரேம்கள் வாங்கப்போகும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நண்பர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வெளிநாட்டிலிருந்து பதினான்கு அலுமினிய பிரேம்களை மொத்தமாக வரவழைக்கப்போவதாகவும், வந்ததும் நான்தான் பூட்டித் தர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். பூட்டித் தருகிறேன், அது என் தொழில். பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும்: உங்களில் பெரும்பாலோர் உள்நாட்டு பிரேமே வாங்கலாம் என்பது என் யோசனை. கடையில் நேரில் பேசினால் பாதியில் யாராவது பஞ்சர் ஒட்ட வந்துவிடுவார்கள், பேச்சு டியூபுக்குத் திரும்பிவிடும். அதனால் எழுதுகிறேன். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

தேசபக்திப் பாடம் நடத்த வரவில்லை. கேரளத்தின் எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு ‘உள்ளூர்’, ‘வெளியூர்’ என்ற சொற்களே கொஞ்சம் வேடிக்கையானவை. காய்கறி பொள்ளாச்சியிலிருந்து வருகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர் போகிறோம், ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கிறது. எந்த ஊர்ச் சரக்கு என்பதற்காக நான் ஒரு பொருளை ஒதுக்கியதில்லை.

முதலில் உங்கள் கணக்கு. உள்நாட்டு பிரேமைவிட ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் கூரியர் கட்டணம் இருக்கிறது, சுங்க வரி இல்லை. உள்நாட்டு பிரேமுக்கு எழுதியிருப்பதும் பழைய விலை. சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்துவிட்டது. அந்தக் குறைப்பு இறக்குமதிக்கும் உண்டுதான், ஆனால் அதன் மேல் சுங்கம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் திருத்திவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருக்கும், நாலாயிரம் இருக்காது.

இனி என் பட்டறை சங்கதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு பையன் இதே மாதிரி வரவழைத்த பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்குழாயும் சாய்குழாயும் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில், நகத்தால் கீறியது போல ஒரு கோடு. பெயின்ட் கீறல் என்று நினைத்திருக்கிறான். துடைத்துப் பார்த்தால் விரிசல். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். வேறு கோணத்தில் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். பில் கேட்டார்கள், அனுப்பினோம். ஏழெட்டு முறை எழுதிய பிறகு, அடுத்து வாங்கும் பிரேமில் இருபது சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. அந்த பிரேம் இன்றும் என் கடைப் பரணில் தொங்குகிறது.

“அண்ணா, வெல்டு வைத்துக் கொடுத்துவிடுங்களேன்” என்று அவன் கேட்டான். வைக்க முடியாது என்பதல்ல, வைக்கக் கூடாது. சைக்கிளுக்குப் பெரும்பாலும் வருவது 6061 என்ற அலுமினியக் கலவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அதன் வலு குறைந்துவிடும். அதனால்தான் தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்த பிறகு முழு பிரேமையும் உலையில் வைத்துச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து வலுவை மீட்கிறார்கள். அந்த உலை என்னிடம் இல்லை. கோயம்புத்தூரில் நல்ல வெல்டர் கிடைப்பார், ஆனால் ஒரே ஒரு பிரேமுக்காக அவரும் உலை மூட்ட மாட்டார். கண்ணுக்கு அழகாக ஒட்டித் தரலாம். நெல்லியாம்பதி மலை இறக்கத்தில் அது விட்டால் யார் பொறுப்பு?

இரும்பின் குணம் வேறு. கள்ளு கேன்களும் பால் கேன்களும் இருபக்கமும் தொங்க, இந்தச் சித்தூர் தாலுகாத் தோப்புச் சாலைகளில் டபுள் பார் சைக்கிள்கள் ஓடியதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவையும் உடைந்தன. அப்பா கேஸ் மூட்டி, பித்தளைக் கம்பியை உருக்கி விட்டு, அரம் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். மறுநாள் காலை அதே கேன், அதே ஆள். குரோமோலி என்ற, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயில் கட்டிய இன்றைய நல்ல பிரேமையும் இப்படிப் பழுது பார்க்க முடியும். தேவைப்பட்டால் ஒரு குழாயையே மாற்றலாம்.

இன்னொரு சின்னச் சாமான், ஹேங்கர். பின்பக்கக் கியரைத் தாங்கும் கட்டைவிரல் அளவுத் துண்டு. சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும், வளைந்துவிடும். பிரேமுக்கு பிரேம் அதன் வடிவம் வேறு. உங்கள் வெளிநாட்டு பிரேமின் ஹேங்கர் பாலக்காட்டிலும் கிடைக்காது, கோயம்புத்தூரிலும் கிடைக்காது. பதினெட்டு நாள் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதையே வாங்குவதாக முடிவெடுத்தால் ஆளுக்கு இரண்டு ஹேங்கரைச் சேர்த்து வரவழையுங்கள். இந்த மடலில் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

எடை பற்றிச் சொல்வீர்கள். நல்ல எஃகு பிரேம் அலுமினியத்தைவிட அரைக் கிலோ சுமார் கூடுதல், உண்மைதான். ஆனால் நாம் ஓட்டுவது பாலக்காட்டுக் கணவாயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டை நோக்கி மிதிப்பவனுக்கு எதிரி அந்த அரைக் கிலோவா, மேற்கிலிருந்து வரும் காற்றா? போத்துண்டி அணையைத் தாண்டி மலையேறும்போதுதான் எடை பேசும். உங்களில் இரண்டு பேர் பந்தயத்துக்குப் போகிறவர்கள், அவர்கள் இலகுவான வெளிநாட்டு பிரேமே வாங்கட்டும், நானே நல்லதாகத் தேடித் தருகிறேன். மற்றப் பன்னிரண்டு பேரும் தேநீர் குடிக்க ஓட்டுகிறவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்தக் கூட்டம்தான்.

உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் உங்களுக்கிருப்பதைவிடப் பழையது. உங்கள் குழுவில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பொருந்தும் பிரேம் எந்த ஷோரூமிலும் இல்லை, சீட்டை அடிவரை இறக்கியும் கால் எட்டவில்லை. ஆறடிப் பையனுக்கோ சீட்டுக் கம்பி முழுக்க வெளியே நிற்கிறது. ஒன்றிரண்டு அளவில் நாட்டையே அடக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். போதாததற்கு, நம் நாட்டுப் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் விலை உயர்ந்த கியர் சைக்கிள்களில் சிலவற்றின் பிரேம் கப்பலில் வந்ததுதான். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பிரேமை எங்கே வெல்டு செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சைக்கிள்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210-இன் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். அதில் பெடல் மிதிக்கும் விசையை ஒரு லட்சம் முறை கொடுத்து பிரேம் விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு தரப்பிடமும் கேளுங்கள், யார் முகம் மாறுகிறது என்று பார்ப்போம்.

அப்புறம் ஏன் உள்நாட்டுக் கம்பெனிகளிடம் வாங்கச் சொல்கிறேன்? அப்பாவின் வாடகை சைக்கிள்களில் பாதி சென்னை அம்பத்தூரில் செய்தவை, பாதி பஞ்சாப் லூதியானாவில் செய்தவை. அம்பத்தூர் கம்பெனி 1949-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கூட்டில்தான் தொடங்கியது. தைவானில் ஜெயன்ட் சைக்கிள் கம்பெனி 1972-இல் தொடங்கி, அமெரிக்கப் பெயர்களுக்குக் கூலிக்குச் செய்துகொடுத்து, 1981-இல்தான் சொந்தப் பெயர் போட்டது. இது சரியில்லை, அது கோணல் என்று திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்களிடம் அவர்கள் தொழில் கற்றார்கள். லூதியானாக்காரனிடம் அளவு கேட்டுச் சண்டை போட இங்கே யார் இருக்கிறார்கள்? மலிவு கேட்கிறவர்கள் நிறைய, அளவு கேட்கிறவர்கள் இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து அளவுப் பட்டியலோடு ஒரே ஆர்டராகப் போனால் டீலர் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் வாங்கிவிட்டுத் திட்டினால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

புதன்கிழமை மாலை ஏழரை வரை கடை திறந்திருக்கும். எல்லோரும் வாருங்கள். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்க வைத்துக் கால் அளவு எடுக்க வேண்டும், டேப் என்னிடம் இருக்கிறது. ஆசிரியையை முதலில் அனுப்புங்கள், அவர் அளவுதான் கடினமானது. பரணில் தொங்கும் பிரேமையும் இறக்கி வைக்கிறேன், விரிசலை விரலால் தடவிப் பார்க்கலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறை சைக்கிள் கடை அண்ணன்