படியளப்பவர் யார்?

ஆசிரியருக்கு,

மேலைநாட்டு யூடியூபர்களின் ரஷ்ய ஆதரவுப் பிரசாரம் பற்றிய தலையங்கம் படித்தேன். அவர்கள் கருத்தைவிட, பணம் வரும் வழி மறைக்கப்படுவதுதான் ஆபத்து. ரஷ்ய அரசின் தொலைக்காட்சியான ஆர்.டி.யின் ஊழியர்கள் இருவர் அமெரிக்காவின் டென்னசி மாநில நிறுவனம் ஒன்றுக்கு ரகசியமாக ஏறக்குறைய 1 கோடி டாலர் அனுப்பியதாக 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. அந்நிறுவனத்துக்குக் காணொளி தந்த அமெரிக்க யூடியூபர்கள் டிம் பூல், டேவ் ரூபின் போன்றோர் தாங்களும் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். சரி, அவர்கள் மீது வழக்கும் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்கு மாதம் 4 லட்சம் டாலர் என்கிறது குற்றப்பத்திரிகை. இவ்வளவு அள்ளித் தரும் புண்ணியவான் யாரென்று அவர்கள் இன்னும் கொஞ்சம் துருவியிருக்கலாம்.

இப்படிப்பட்ட காணொளிகளை நண்பர்களுக்கு அனுப்பியவன்தான் நானும். காசு யாருடையது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. இத்தகையோர் பேச்சை வெளியிடும்போது, அவர்களுக்கு நிதி தருவது யாரென்று தெரிந்தவரை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.