மண்டபம் கடற்கரையில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் கோரி மனு

அனுப்புநர்:
பாக் நீரிணைக் கரை மீனவர்கள்,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: காற்றுத் தர அளவீட்டு நிலையம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

சென்ற ஆண்டு இதே கோரிக்கையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "உங்கள் ஊரில் ஆலையும் இல்லை, சூளையும் இல்லை, காற்றை அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயம்தானே என்று திரும்பிவிட்டோம். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில், பனி விலகிய பிறகும், பத்து மணிக்குக்கூடப் பாம்பன் பாலத்தின் மறுமுனை மங்கலாகத்தான் தெரிகிறது. வள்ளத்தின் அணியத்தைத் துடைத்த வெள்ளைத் துண்டில் சாம்பல் நிறம் ஒட்டியது. மண்ணா, கரியா? அளக்காமல் எப்படிச் சொல்வது?

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நெருங்கிய நாட்களை நினைவூட்ட விரும்புகிறோம். காற்று கெட்டுவிட்டதென்று 9ஆம் தேதி இலங்கையில் பள்ளிகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து வந்த அழுக்குக் காற்றே காரணம் என்று அங்கே அறிவிக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் மூச்சில் என்ன போனது என்பது எங்களுக்குத் தெரியாது.

புகை பிறந்த ஊரிலேயே நிற்பதில்லை. வாடைக் காலத்தில் வட இந்தியாவின் புகை வங்கக் கடல்மீது தெற்கே இறங்குகிறது. 1999இல் வீரபத்திரன் ராமநாதன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை புகைப்படலம் இருப்பதைக் கண்டார்கள். தென்மேற்குப் பருவத்தில் இடிமேகங்கள் அந்த அழுக்கை 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன. அங்கே கழுவிவிட மழை இல்லை. மேல்காற்று அதைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோகிறது. இதை ஆராய ஹைதராபாத்திலிருந்து பலூன்கள்கூட அனுப்பினார்கள்.

1999 ஆய்வின்போது மாலத்தீவின் காஷிதூ என்ற சிறு தீவில் கருவிகள் வைத்தார்கள். அங்கும் ஆலை இல்லை. தொலைவிலிருந்து வருவதைத் தனியே பிடிக்க அப்படிப்பட்ட இடம்தான் தேவை. இராமநாதபுரம் நகரில் நிலையம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது இருக்கும் கடைவீதியில் பஸ் புகையும் சேர்ந்தே பதிவாகும். ஆக, "உங்கள் ஊரில் ஆலை இல்லை" என்பது மறுக்கும் காரணமல்ல ஐயா, எங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் காரணம்.

ஆகவே மண்டபம் கடற்கரையில் பி.எம். 2.5 நுண்துகளை இடைவிடாது அளக்கும் நிலையம் ஒன்றை அமைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். நாட்டின் வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது தாண்டும் நாளில், புயல் எச்சரிக்கையைப் போலவே மீன் இறங்குதளத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லச் செய்யுங்கள். கருவிக்கு எங்கள் சமுதாயக் கூடத்தின் மாடியைத் தருகிறோம். மின் இணைப்பும் இருக்கிறது. அடுத்த வாடைக்கு முன் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஊர் மீனவர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)